மருந்து எழுதும் கரம்

பல ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு. சிற்றூர் ஒன்றின் சிறிய மருத்துவமனையில் என் தந்தையார் புற்றுநோயின் இறுதிக் கட்டத்தில் படுத்திருந்தார். நள்ளிரவு கடந்தபின் வலி கூடிற்று. பொறுமைக்குப் பெயர்பெற்ற மனிதர் அவர். அன்று கட்டிலின் விளிம்பைப் பற்றிக்கொண்டு, குரல் எழும்பாமல் அழுதார்.

இரவுப் பணியில் இருந்தவர் ஓர் அருள்சகோதரி. முப்பது ஆண்டுகளாகச் செவிலியர் பணி செய்தவர். மாலையில் எழுதப்பட்டிருந்த மருந்தின் அளவு போதவில்லை என்பதை எங்களுக்கு முன்பே அவர் கண்டுகொண்டார். எவ்வளவு கூட்ட வேண்டும், கூட்டினால் எதைக் கவனிக்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். மருந்து பூட்டிய அலமாரியில் இருந்தது. சாவி அவரிடமே இருந்தது. இல்லாதது ஒன்றுதான், மருத்துவரின் கையெழுத்து. மருத்துவரோ அவசரப் பிரசவம் ஒன்றிற்காக அடுத்த ஊருக்குச் சென்றிருந்தார். தொலைபேசித் தொடர்பு கிடைக்கவில்லை.

"சிஸ்டர், உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே, கொடுத்துவிடுங்களேன்" என்று கெஞ்சினேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் நிற்கிறது. "தெரியுதுங்கிறது வேற தம்பி, செய்ய உரிமை இருக்குங்கிறது வேற" என்றார்.

விடியற்காலை ஐந்து மணிக்கு மருத்துவர் வந்தார். சகோதரி கூறியதைக் கேட்டார். அவர் கூறிய அளவையே எழுதிக் கையொப்பமிட்டார். அரைமணி நேரத்தில் தந்தையார் உறங்கினார். மூன்று நாள்களுக்குப் பின் இறைவனடி சேர்ந்தார்.

அந்த இரவின் நான்கு மணி நேரம் எதற்காகக் கழிந்தது என்ற கேள்வி என்னை விட்டு அகலவில்லை. முதலில் அது சினமாக இருந்தது. பின்னர் மெல்ல மெல்ல ஓர் அறக்கேள்வியாக மாறிற்று. மருந்து எழுதும் உரிமை எதன்மீது நிற்கிறது? பட்டத்தின்மீதா, அறிவின்மீதா, அல்லது வேறொன்றின்மீதா? மருத்துவர் அல்லாத ஒருவருக்கு அவ்வுரிமையை அளிப்பது நோயாளிக்குச் செய்யும் நன்மையா, தீங்கா?

இக்கேள்வி நமக்குப் புதிதன்று. வள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தை முடிக்கும்போது, நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு நில்லாமல், அருகிலிருந்து மருந்தைக் கொடுத்துப் பேணுபவரையும் நான்காவதாகச் சேர்த்து எண்ணுகிறார். அந்த நால்வகையும் கூடியதே மருத்துவம் என்பது அவர் கருத்து. அருகில் இருப்பவர் வெறும் ஏவலாளர் அல்லர். மருத்துவத்தின் ஓர் உறுப்பு. எனினும், அருகிருத்தல் ஒன்றே மருந்தைத் தேர்ந்தெடுக்கும் தகுதியைத் தந்துவிடுமா? தராது. அன்பு மிகுந்த தாய்மார்கள் தவறான மருந்தைக் கொடுத்துக் குழந்தைகளுக்கு ஊறு விளைவித்ததை நாம் அறிவோம். அருகிருப்பவருக்கு அறிவும் வேண்டும். அந்த அறிவைச் சோதித்து ஏற்றுக்கொள்ளும் ஒழுங்கும் வேண்டும்.

இவ்வொழுங்கைப் படிப்படியாக அமைத்துப் பார்த்த நாடுகளுள் ஒன்று இங்கிலாந்து. அங்கே வீடுதோறும் சென்று நோயாளிகளைக் காணும் செவிலியர்கள் உண்டு. ஆறாத புண்ணுக்கு எந்தக் கட்டுத்துணி ஏற்றது, எந்தக் களிம்பு தேவை என்பதை அவர்களே முடிவு செய்தனர். ஆனால் சீட்டில் கையொப்பம் பெற மருத்துவரின் அறை வாசலில் காத்து நின்றனர். மருத்துவர் அப்புண்ணைக் காணாமலே கையொப்பமிட்டார். 1986ஆம் ஆண்டில் ஜூலியா கம்பர்லெஜ் தலைமையிலான குழு இந்நிலையைச் சுட்டிக்காட்டி, இச்செவிலியர்கள் குறிப்பிட்ட சில மருந்துகளைத் தாமே எழுத இடமளிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1992இல் அதற்கான சட்டம் நிறைவேறிற்று. 1994இல் எட்டு இடங்களில் மட்டும் சோதனையாகத் தொடங்கினர். சிறியதொரு மருந்துப் பட்டியலோடு தொடங்கிய முயற்சி மெதுவாகவே வளர்ந்தது. 2003 முதல், மருத்துவரோடு முன்கூட்டியே வகுத்துக்கொண்ட சிகிச்சைத் திட்டத்திற்குள் நின்று செவிலியரும் மருந்தாளுநரும் எழுதலாம் என்று ஆயிற்று. 2006இல், உரிய பயிற்சி பெற்ற செவிலியரும் மருந்தாளுநரும் தத்தம் திறமைக்கு உட்பட்ட ஏறத்தாழ எல்லா மருந்துகளையும் தாமே எழுதும் உரிமை பெற்றனர். கடும் வலிக்கான மார்ஃபின் போன்ற கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளுக்கு இருந்த தடைகளில் பெரும்பாலானவை 2012இல் நீங்கின. 2013இல் இயன்முறைச் சிகிச்சையாளர்களுக்கும் பாதநோய்ச் சிகிச்சையாளர்களுக்கும், 2018இல் அவசர ஊர்தியில் பணியாற்றும் மருத்துவப் பணியாளர்களுள் உயர்பயிற்சி பெற்றோருக்கும் அவ்வழி திறந்தது.

முதல் பரிந்துரைக்கும் 2006க்கும் இடையே இருபது ஆண்டுகள்! இந்தத் தாமதத்தில் தயக்கம் இருந்தது, தொழிற்பொறாமையும் இருந்திருக்கலாம்; ஆனால் எச்சரிக்கையும் இருந்தது. பயிற்சியின் தன்மையைக் கவனித்தால் இது விளங்கும். பட்டம் பெற்றுப் பணியில் பழகிய செவிலியரே இப்பயிற்சியில் சேர முடியும். 2006இல் வகுக்கப்பட்ட விதிகளின்படி குறைந்தது இருபத்தாறு நாள் வகுப்புக் கல்வி. அதன்பின் பன்னிரண்டு நாள் ஒரு மருத்துவரின் கண்காணிப்பில் செயல்முறைப் பயிற்சி. மருந்தியல் தேர்வில் நூற்றுக்கு எண்பது மதிப்பெண் பெற வேண்டும். மருந்தின் அளவைக் கணக்கிடும் தேர்விலோ நூற்றுக்கு நூறு பெற வேண்டும். தொண்ணூற்றொன்பது பெற்றவரும் தேறாதவரே.

இந்த நூற்றுக்கு நூறு என்னைச் சிந்திக்க வைத்தது. பிற தேர்வுகளில் சிறு பிழை என்பது மாணவரின் மதிப்பெண்ணை மட்டும் குறைக்கும். இங்கே பத்தின் இடத்தில் நூறு விழுந்தால் விலை கொடுப்பவர் கட்டிலில் கிடப்பவர். தன் பிழையின் விலையை இன்னொருவர் செலுத்துவார் என்று அறிந்து கற்பதே இக்கல்வியின் முதற்பாடம். இரண்டாவது பாடம் அதனினும் கடினமானது: தன் எல்லையை அறிதல். மருந்து எழுதக் கற்பவர், எழுதாமல் இருக்கவும் கற்க வேண்டும். 'இது என் அறிவுக்கு அப்பாற்பட்டது. மருத்துவரிடம் அனுப்புகிறேன்' என்று சொல்லும் துணிவு அதில் அடங்கும்.

இங்கிலாந்து செல்வ நாடு. அங்கே மருத்துவர்கள் இருந்தும் இவ்வழி தேவைப்பட்டது. மருத்துவர்களே அரிதான நாட்டில் நிலை என்ன? ஆப்பிரிக்காவின் உகாண்டா நாடு இதற்கு விடை தருகிறது. அவ்விடையின் வேர், வியப்புக்குரிய விதமாக, நம் திருச்சபையின் வரலாற்றிலேயே இருக்கிறது.

பொது வார்த்தைப்பாடு அளித்த துறவியர் மருத்துவத் தொழில் செய்வதை, சிறப்பாகப் பிரசவ மருத்துவத்தில் ஈடுபடுவதை, திருச்சபையின் சட்டம் நெடுங்காலம் தடுத்து வந்தது. அத்தடை துறவு வாழ்வைக் காக்கவே எழுந்தது. கெட்ட நோக்கம் எதுவும் அதில் இல்லை. ஆயினும் ஆண் மருத்துவர்முன் வரமுடியாத பெண்கள் பிரசவத்தில் மடிந்துகொண்டிருந்த நாடுகளில் அத்தடையின் விலையைச் செலுத்தியவர்கள் துறவியர் அல்லர், அந்தத் தாய்மார்கள். ஆஸ்திரேலிய மருத்துவரான மேரி குளோரி 1920இல் நம் அண்டை மாநிலத்தின் குண்டூருக்கு வந்து துறவியானபோது, மருத்துவப் பணி செய்யத் திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்டின் தனி அனுமதி தேவைப்பட்டது. அவர் தாம் மட்டும் மருத்துவம் பார்த்ததோடு நில்லாமல், உள்ளூர்ப் பெண்களை மருந்து கலந்து கொடுப்பவர்களாகவும் செவிலியராகவும் பேறுகாலத் தாதியராகவும் பயிற்றுவித்தார். இந்தியக் கத்தோலிக்க மருத்துவமனைகளின் சங்கத்தை 1943இல் நிறுவியவரும் அவரே. இதற்கிடையில், 1936இல் உரோமை தன் அறிவுரை ஒன்றின் வாயிலாகப் பழைய தடையைத் தளர்த்தி, பெண் துறவியர் முறையாகப் பயின்று பிரசவ மருத்துவத்திலும் ஈடுபட வழிவகுத்தது.

அவ்வழி திறந்த மறு ஆண்டே, 1937இல், அன்னை மேரி மார்ட்டின் நைஜீரியாவில் மரியாவின் மருத்துவ மறைபரப்புச் சகோதரிகள் சபையைத் தொடங்கினார். அச்சபையில் சேர்ந்து மருத்துவரானவர்களுள் ஒருவர் லிவர்பூல் நகரில் பிறந்த ஆன் மெர்ரிமன். பிற்காலத்தில் சபையிலிருந்து விலகி, நம்மைப் போன்று பொதுநிலையினராகவே தம் அழைத்தலைத் தொடர்ந்தார். 1993இல் உகாண்டாவின் தலைநகரான கம்பாலாவில், நிசாம்பியா கத்தோலிக்க மருத்துவமனை இரவலாகக் கொடுத்த சிறிய வீடொன்றில், இறக்கும் நோயாளிகளின் வலி தணிக்கும் பணியைத் தொடங்கினார். மார்ஃபின் தூளை நீரில் கலந்து வாய்வழியே கொடுக்கும் எளிய மருந்து அவருடைய கருவி. விலை மலிவு, ஊசி தேவையில்லை, வீட்டிலேயே பருகலாம்.

மருந்து கிடைத்தது, எழுதுவோர் கிடைக்கவில்லை. கிராமங்களில் பலர் தம் வாழ்நாளில் ஒரு மருத்துவரைக் கண்டதில்லை. செவிலியரையோ கண்டிருந்தனர். ஆகவே உகாண்டா அரசு 2004இல் தன் விதிகளைத் திருத்தி, வலி தணிப்பு மருத்துவத்தில் தனிப்பயிற்சி பெற்ற செவிலியரும், மருத்துவ அலுவலர் எனப்படும் இடைநிலை மருத்துவப் பணியாளரும் வாய்வழி மார்ஃபினை எழுதலாம் என்று அனுமதித்தது. அதற்கென ஒன்பது மாதப் பயிற்சி வகுக்கப்பட்டது. 2025இல் ஆன் மெர்ரிமன் காலமானபோது, அவர் விட்டுச் சென்ற பெருஞ்செல்வம், கிராமத்துக் குடிசையில் அமர்ந்து, நோயாளியின் முகத்தைப் பார்த்து, அளவு குறித்து, பெயரெழுதிக் கையொப்பமிடும் அந்தச் செவிலியர் கூட்டமே. என் தந்தையார் படுத்திருந்த அந்த அறையை நினைக்கும்போதெல்லாம் உகாண்டாவை நினைக்கிறேன்.

ஆனால் எதிர்வாதங்களையும் நேர்மையோடு கேட்க வேண்டும். முதல் வாதம், மருந்து என்பது நோயறிதலின் கடைசி வரி என்பது. தலைவலிக்கு மாத்திரை எழுதுவது எளிது. அத்தலைவலி மூளைக்கட்டியின் அறிகுறியா என்று ஐயுறுவதற்கே ஆண்டுக்கணக்கான கல்வி தேவை. இது மறுக்க முடியாத உண்மை. பயிற்சி பெற்ற செவிலியரின் உரிமை அவரவர் துறைக்குள் அடங்கியிருக்க வேண்டும் என்று மேற்சொன்ன நாடுகள் வரையறுத்ததும் இதனால்தான்.

இரண்டாம் வாதம், ஏழைக்கு ஒரு மருத்துவம், செல்வனுக்கு ஒரு மருத்துவம் என்று ஆகிவிடும் என்பது. நம் நாட்டில் 2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம், சமுதாய நலப் பணியாளர் சிலருக்கு வரம்புக்குட்பட்ட உரிமம் வழங்க 32ஆம் பிரிவில் இடமளித்தபோது, மருத்துவர்கள் நாடெங்கும் வேலைநிறுத்தம் செய்து எதிர்த்தனர். அவர்களுடைய அச்சத்தைத் தன்னலம் என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது. மருத்துவரை நியமிக்கப் பணமில்லை என்பதற்காக அரைகுறைப் பயிற்சி பெற்றவரைக் கிராமத்திற்கு அனுப்பினால், அது கிராமத்தானின் உயிருக்குக் குறைந்த விலை குறிப்பதாகும். அதுபோலவே செவிலியருக்கும் அநீதி நேரலாம். சம்பளம் பழையது, நோயாளிகளின் எண்ணிக்கை பழையது, பொறுப்பு மட்டும் புதியது என்றால், நாம் அவருக்கு அளித்தது மதிப்பு அன்று. மேலும் ஒரு சுமை.

இவ்வாதங்கள் எல்லாம் ஒன்றைத்தான் கூறுகின்றன: உரிமையைப் பயிற்சியின்றி, மேற்பார்வையின்றி, மலிவுக்காகக் கொடுக்கலாகாது. தகுதி பெற்றவருக்கும் மறுக்க வேண்டும் என்று அவை கூறவில்லை. தகுதியற்றவருக்கு உரிமை அளிப்பதும் தகுதியுள்ளவருக்கு உரிமை மறுப்பதும் ஒரே வகையான தவறு என்றே எனக்குப் படுகிறது. இரண்டிலும் தண்டனை பெறுபவர் நோயாளி. முதலாவது தவறு வழக்காகும், செய்தியாகும். இரண்டாவது தவறு ஓசையின்றி நிகழும். விடியும்வரை காத்திருந்த வலியை எந்தப் பதிவேடும் குறித்துக்கொள்வதில்லை.

விடுதலைப் பயண நூலின் 18ஆம் அதிகாரத்தில் ஒரு காட்சி உண்டு. மோசே காலைமுதல் மாலைவரை அமர்ந்து மக்களின் வழக்குகளைத் தீர்க்கிறார். மக்கள் வரிசையில் நிற்கின்றனர். அதைக் கண்ட மாமனார் இத்திரோ, 'இது நல்லதன்று. நீரும் களைத்துப்போவீர், மக்களும் களைத்துப்போவர்' என்னும் கருத்துப்பட எச்சரிக்கிறார். மோசே மட்டுமன்று, காத்து நிற்கும் மக்களும் களைத்துப்போகின்றனர் என்பதைக் கண்டவர் அவர். எனினும், யாரிடமாவது பகிர்ந்துகொடும் என்று அவர் சொல்லவில்லை. திறமையும் இறையச்சமும் உண்மையும் கையூட்டை வெறுக்கும் மனமும் உடையவர்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார். அவர்களுக்குச் சட்டங்களைக் கற்பிக்கச் சொல்கிறார். பெரிய வழக்குகள் மோசேயிடமே வரட்டும் என்கிறார். தேர்வு, பயிற்சி, எல்லை என்னும் மூன்றையும் அம்முதியவர் அன்றே வகுத்துவிட்டார்.

அவர் கூறிய பண்புகளுள் கையூட்டை வெறுத்தல் என்பதை இங்கே சற்று நின்று நோக்க வேண்டும். அமெரிக்காவில் 1996இல் விற்பனைக்கு வந்த ஆக்சிகான்டின் என்னும் வலிமருந்து, பழக்கத்திற்கு அடிமையாக்கும் ஆபத்து குறைந்தது என்று பொய்யாகப் பரப்பப்பட்டது. அதனை விற்ற நிறுவனமே 2007இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அத்தகைய வலிமருந்துச் சீட்டுகளில் பெரும்பாலானவற்றில் கையொப்பமிட்டவர்கள் முழுத் தகுதி பெற்ற மருத்துவர்களே. அவர்களிடம் மருந்தியல் அறிவுக்குக் குறைவில்லை. விருந்துகளும் பரிசுகளும் விற்பனையாளரின் இனிய சொற்களும் அந்த அறிவை வளைக்க முடிந்தது. நாளை செவிலியரின் கையில் எழுதுகோல் வந்தால், அதே விற்பனையாளர் அதே பையோடு அவருடைய வாசலிலும் நிற்பார். ஆகவே இப்பயிற்சியில் மருந்தியலுக்கு ஈடாக மனச்சான்றின் பயிற்சியும் இடம்பெற வேண்டும்.

அப்படியானால் மருந்து எழுதுதலின் உட்பொருள்தான் என்ன? நல்ல சமாரியரின் உவமையில் எனக்கு ஒரு விடை தோன்றுகிறது. காயங்களின்மீது எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்துக் கட்டினார் என்பதை நாம் அனைவரும் நினைவில் வைத்திருக்கிறோம். அதன்பின் நிகழ்ந்ததைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். அவர் காயமுற்றவரைச் சாவடிக்குக் கொண்டுசென்று, இரவெல்லாம் கவனித்து, மறுநாள் இரு தெனாரியத்தைச் சாவடிப் பொறுப்பாளரிடம் கொடுத்து, மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாக உறுதி கூறினார். மருந்து வார்த்த கையே, திரும்பி வந்து கணக்குத் தீர்க்கவும் பொறுப்பேற்றது.

மருந்து எழுதுதலும் அத்தகையதே. சீட்டில் எழுதுவது பணியின் தொடக்கம். மறுநாள் சென்று, மருந்து வேலை செய்ததா, வாந்தி வந்ததா, மூச்சுத் தளர்ந்ததா, நிறுத்த வேண்டுமா என்று பார்ப்பதே அதன் முழுமை. இப்பொறுப்பை ஏற்பவர் யாரோ, அவரே எழுதத் தகுந்தவர். இந்த அளவுகோலால் பார்த்தால், சீட்டெழுதிவிட்டு முகம் மறந்துபோகும் மருத்துவரும் குறைபடுகிறார். திரும்பத் திரும்ப வரும் செவிலியருக்கு உரிமை மறுக்கும் சட்டமும் குறைபடுகிறது.

நம் வீட்டு நடைமுறையையும் இந்த அளவுகோலால் அளந்து பார்ப்போம். காய்ச்சல் என்றால் தெருமுனை மருந்துக் கடைக்குச் சென்று, பயிற்சி ஏதுமற்ற இளைஞரிடம் "ரெண்டு வேளைக்குக் குடுங்க தம்பி" என்று கேட்டு வாங்கி விழுங்குகிறோம். சட்டப்படி சீட்டின்றித் தரக்கூடாத நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளும் அவற்றுள் இருக்கின்றன. அந்த இளைஞர் மறுநாள் நம்மைத் தேடி வரமாட்டார். நான்கு ஆண்டுகள் பயின்ற செவிலியருக்கோ, தம் பொறுப்பில் மருந்து எழுதும் உரிமை நம் நாட்டில் பொதுவாக இல்லை. நம் பங்குகளிலிருந்து எத்தனையோ பெண்மக்கள் செவிலியராக அயல்நாடு சென்றிருக்கிறார்கள். அங்கே பயிற்சி பெற்று மருந்து எழுதும் உரிமை பெற்றவர், விடுமுறையில் ஊருக்கு வந்தால் தம் தாயாருக்கும் கடைச் சீட்டெழுத முடியாது. ஒவ்வொரு நாட்டிற்கும் அதன் சட்டம் உண்டு. அதை மீறச் சொல்லவில்லை. அச்சட்டம் யாருக்காக இருக்கிறது என்று கேட்கவேண்டும் என்கிறேன்.

தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவுக்குமான மருந்துகளை வீட்டு வாசலுக்கே கொண்டுசேர்த்தது. படுக்கையில் கிடப்போரைக் காண வலி தணிப்புச் செவிலியரும் இயன்முறைச் சிகிச்சையாளரும் அதன்வழி வீடு தேடிச் சென்றனர். மருந்தை முடிவு செய்பவர் மருத்துவரே. எனினும், நோயாளியின் திண்ணைவரை நடந்து செல்லும் மனிதர்கள் நமக்குக் கிடைத்திருக்கிறார்கள். அவர்களுள் தகுதி மிக்கோரைத் தேர்ந்து, முறையாகப் பயிற்றுவித்து, எல்லை வகுத்து, உரிய ஊதியமும் சட்டப் பாதுகாப்பும் அளித்து, சிறு பட்டியலோடு தொடங்குவது நடவாத காரியமன்று. நம் கத்தோலிக்க மருத்துவமனைகளும் செவிலியர் கல்லூரிகளும் அத்தகைய பயிற்சிக்கு இன்றே தங்களை ஆயத்தப்படுத்தலாம். சட்டம் வரும்வரை காத்திருந்து அதன்பின் கற்கத் தொடங்குவது, விளக்கை அணைத்துவிட்டு எண்ணெய் தேடுவதாகும்.

இறுதியாக, அந்த அருள்சகோதரியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் இன்று இல்லை. அன்றிரவு அவர் மறுத்ததை இரக்கமின்மை என்று நெடுநாள் எண்ணியிருந்தேன். இப்போது அவ்வாறு எண்ணவில்லை. இரக்கத்தின் பெயரால் அவர் அன்று அலமாரியைத் திறந்திருந்தால், மறுநாள் வேறொருவர் அறியாமையின் துணிவோடு அதைத் திறக்க வழியாகியிருக்கும். உரிமை இல்லாததைச் செய்ய மறுத்தவர், உரிமை இருந்ததில் ஒன்றையும் குறைக்கவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு விடியும்வரை தந்தையாரின் அருகில் அமர்ந்திருந்தார். உதடுகளை ஈரத்துணியால் நனைத்தார். அரைமணிக்கொருமுறை தலையணையை மாற்றி வைத்தார். தாழ்ந்த குரலில் செபமாலை சொன்னார்.

குறை அவரிடம் இல்லை. முப்பது ஆண்டு அறிவையும் அலமாரியின் சாவியையும் அவர் கையில் கொடுத்துவிட்டு, அதைத் திறப்பதற்குரிய பயிற்சியையும் பொறுப்பையும் கொடுக்காமல் விட்ட நம் அனைவரிடமும் இருக்கிறது. இன்றும் ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஒரு கட்டிலருகே, ஒரு சகோதரி சாவியோடு விடியலுக்காகக் காத்திருக்கக்கூடும். அவருக்கும், அந்தக் கட்டிலில் கிடப்பவருக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம்.